மொழி வகுப்புக்கு எந்தத் திறந்த வளம்? ஐந்து வழிகள், ஓர் ஒப்பீடு

ஜெர்மன் கற்க வந்த செவிலியர்கள் பன்னிரண்டு பேருக்கு வகுப்பு எடுக்கத் தொடங்கியபோது, என் கையில் இருந்த பாடநூலின் மூன்றாம் பாடம் இரண்டு கல்லூரி மாணவர்களின் உரையாடலாக இருந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் 'டு' என்று அழைக்கிறார்கள். நம் 'நீ' போன்ற சொல் அது. ஆனால் செவிலியர் நோயாளியிடம் பேசும்போது 'ஸீ' என்றே சொல்ல வேண்டும். அது நம் 'நீங்கள்'. 'ஹாஸ்ட் டு ஷ்மெர்ட்ஸன்?' என்று எழுபது வயது நோயாளியிடம் கேட்டால், 'உனக்கு வலிக்கிறதா?' என்று கேட்டதாகிவிடும். 'ஹாபென் ஸீ ஷ்மெர்ட்ஸன்?' என்பதே முறை. அழைக்கும் சொல் மாறினால் வினைமுற்றும் மாறும். வினைமுற்று மாறினால் பாடத்தின் பின்னால் உள்ள பயிற்சிகள், விடைகள், ஒலிப்பதிவு என அனைத்தையும் மாற்ற வேண்டும்.

அந்த நூல் முழுப் பதிப்புரிமைக்கு உட்பட்டது. உரையாடலைத் திருத்தி எழுதி நகலெடுத்து மாணவர்களுக்குக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை. நல்ல நூல்தான், ஆனால் என் மாணவர்களுக்கு அது பொருந்தவில்லை. பொருத்திக்கொள்ள வழியும் இல்லை. திறந்த கல்வி வளங்களை நான் தேடத் தொடங்கியது அங்கிருந்துதான். அதன்பின் சிறுவர்களுக்கான தமிழ் வகுப்பு ஒன்றும் என் பொறுப்பில் வந்தது. வீட்டில் தமிழ் கேட்டு வளர்ந்தாலும் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தடுமாறும் பிள்ளைகள் அவர்கள். ஜெர்மனுக்குத் திறந்த வளங்கள் ஏராளம், தமிழுக்குக் குறைவு. இந்த இரு வகுப்புகளுக்காக நான் எடைபோட்டுப் பார்த்த ஐந்து வழிகளை, அதே முடிவை எடுக்க வேண்டிய பிற ஆசிரியர்களுக்காக இங்கே ஒப்பிடுகிறேன்.

இலவசம் வேறு, திறப்பு வேறு

இந்த வேறுபாடு தெளிவாகாமல் மேலே போவதில் பயனில்லை. 'திறந்த கல்வி வளங்கள்' என்ற பெயர் 2002இல் யுனெஸ்கோ பாரிஸில் கூட்டிய அமர்வில் உருவானது. 2019 நவம்பரில் உறுப்பு நாடுகள் இதற்கென ஒரு பரிந்துரையை ஏற்றுக்கொண்டன. திறப்பு என்றால் என்ன என்பதைக் கல்வியாளர் டேவிட் வைலி ஐந்து உரிமைகளாகச் சொல்கிறார்: நகலை நம்மிடமே வைத்துக்கொள்ளுதல், பயன்படுத்துதல், திருத்துதல், பிறவற்றோடு கலத்தல், பகிர்தல். கணித ஆசிரியர் ஒருவர் முதல் இரண்டு உரிமைகளைக் கொண்டே ஓரளவு சமாளித்துவிடலாம். முக்கோணம் எல்லா வகுப்பிலும் முக்கோணம்தான். மொழி ஆசிரியருக்கு மூன்றாவது உரிமை இல்லாமல் வேலையே நடக்காது. மாணவர் யார், யாரிடம் பேசப்போகிறார், அவருடைய தாய்மொழி எது என்பதைப் பொறுத்து ஒவ்வொரு வாக்கியமும் மாறுகிறது.

டாய்ச்ச வெல்ல ஒலிபரப்பு நிறுவனம் வழங்கும் 'நிக்கோஸ் வேக்' என்ற காணொளிப் பாடத்தொடர் ஜெர்மனின் ஏ1, ஏ2, பி1 எனப்படும் தொடக்க, இடைநிலைப் படிகளுக்கு மிக நன்றாக அமைந்தது. கட்டணமும் கிடையாது. ஆனால் அது நிறுவனத்தின் பதிப்புரிமைக்கு உட்பட்டது. பார்க்கச் சொல்லலாம், வெட்டி ஒட்டித் திருத்தி வெளியிட முடியாது. டுவோலிங்கோ என்ற மொழி கற்றல் செயலியும் அப்படியே. வீட்டில் தனியாகப் பயிற்சி செய்ய உதவும். அதன் ஒரு வாக்கியத்தைக்கூட ஆசிரியர் மாற்ற இயலாது. இவற்றை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. துணைப்பாடமாக மாணவர்களுக்குச் சொல்கிறேன். ஆனால் வகுப்பின் முதுகெலும்பாக வைப்பதில்லை. அந்தத் தளங்கள் நாளை பாடத்தின் வரிசையை மாற்றினால் என் வகுப்பும் அதன் பின்னால் ஓட வேண்டியிருக்கும்.

நகலை நம்மிடமே வைத்துக்கொள்ளும் உரிமையைப் பலர் சாதாரணமாக நினைக்கிறார்கள். அப்படியல்ல என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று உண்டு. அமெரிக்க அரசின் ஒலிபரப்பு நிறுவனமான வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் 'ஸ்பெஷல் இங்கிலிஷ்' என்ற பெயரில் எளிய ஆங்கில ஒலிபரப்பைத் தொடங்கியது. சுமார் 1,500 அடிப்படைச் சொற்கள், குறுகிய வாக்கியங்கள், நிதானமான வாசிப்பு. அந்த நிறுவனம் தானே தயாரித்த எழுத்தும் ஒலியும் பொதுக்களத்தைச் சேர்ந்தவை, அதாவது பதிப்புரிமைக் கட்டுப்பாடு இல்லாதவை. பிற செய்தி முகமைகளின் படங்களும் செய்திகளும் அதில் சேரா. பல தலைமுறை ஆங்கில ஆசிரியர்களுக்கு அது வற்றாத ஊற்று. 2025 மார்ச்சில் அமெரிக்க அதிபரின் உத்தரவைத் தொடர்ந்து அந்நிறுவனத்தின் ஊழியர்களில் பெரும்பாலோர் விடுப்பில் அனுப்பப்பட்டனர். முன்கூட்டியே பாடங்களைத் தரவிறக்கி வைத்திருந்த ஆசிரியருக்கு அந்த ஊற்று தொடர்ந்தது. இணைப்பை மட்டும் குறித்து வைத்திருந்தவர் அந்தத் தளத்தின் எதிர்காலத்தை நம்பியே இருக்க வேண்டியதாயிற்று. நல்ல வளம் ஒன்றைக் கண்டால் முதல் வேலை, கோப்பை நம் கணினியில் சேமிப்பது. உரிமம் அதற்கு இடம் கொடுக்கிறதா என்பதே அதன் திறப்புக்கு முதல் சோதனை.

உரிமத்தில் பார்க்க வேண்டியவை

தம் படைப்பைப் பிறர் எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்று படைத்தவரே முன்கூட்டிச் சொல்ல உதவும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் 2002 டிசம்பரில் வெளிவந்தன. இன்று பெரும்பாலும் புழங்கும் நான்காம் பதிப்பு 2013இல் வந்தது. அவை மொத்தம் ஆறு. ஆறையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எழுதியவர் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற 'பிஒய்' ஆறுக்கும் பொது. அதற்கு மேல் மூன்று நிபந்தனைகளைக் கவனித்தால் போதும்.

'என்டி' என்ற குறி இருந்தால், மாற்றிய வடிவத்தைப் பகிரக் கூடாது என்று பொருள். மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். கடினமான பத்தியை எளிமையாக்குவதும் மாற்றம்தான். கோப்பின் வடிவை மட்டும் மாற்றலாம். மொழி வகுப்புக்கு இந்த உரிமம் கிட்டத்தட்டப் பயனற்றது என்பது என் உறுதியான கருத்து. 'திறந்தது' என்ற முத்திரையோடு வரும் பல பாடங்களில் இந்தக் குறி ஓரமாக இருக்கும். அதைப் பார்த்ததும் நான் அடுத்ததைத் தேடப் போய்விடுகிறேன்.

'என்சி' என்பது வணிக நோக்கமற்ற பயன்பாட்டுக்கு மட்டும் என்ற நிபந்தனை. இங்கே அளவுகோல், பயன்படுத்துபவர் யார் என்பதன்று; எதற்காகப் பயன்படுத்துகிறார் என்பது. கட்டணம் வாங்கி நடத்தும் சிறு தனி வகுப்பு இதில் எந்தப் பக்கம் விழும் என்பது எளிதில் தீராத கேள்வி. ஆசிரியர் பெயர் தெரிந்தால் ஒரு மின்னஞ்சல் எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. நான் கேட்ட இரண்டு முறையும் மகிழ்ச்சியோடு அனுமதி தந்தார்கள்.

'எஸ்ஏ' என்பது, நீங்கள் மாற்றி உருவாக்கியதையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் என்ற நிபந்தனை. தனியாகப் பார்த்தால் இது நியாயமானது, அழகானதும்கூட. சிக்கல் கலக்கும்போது வருகிறது. விக்சனரி என்ற திறந்த இணைய அகராதியின் விளக்கங்கள் 'பிஒய்-எஸ்ஏ' உரிமத்தில் இருக்கின்றன. வேறொருவர் எழுதிய பயிற்சித்தாள் 'பிஒய்-என்சி-எஸ்ஏ' என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பிசைந்து ஒரே பாடமாக்க முடியாது. முதலாவது வணிகப் பயன்பாட்டையும் அனுமதித்தே ஆக வேண்டும் என்கிறது. இரண்டாவது அனுமதிக்கவே கூடாது என்கிறது. இரண்டையும் தனித்தனித் தாளாக, தத்தம் உரிமக் குறிப்போடு ஒரே உறையில் வைக்கலாம். நான் இப்போது சொற்பட்டியல், கதை, பயிற்சி மூன்றையும் தனிக் கோப்புகளாகவே வைக்கிறேன். தொடக்கத்தில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கலந்துவிட்டு, பிரித்தெடுக்க ஒரு கோடை விடுமுறை முழுவதும் செலவானது.

'பிஒய்' மட்டும் இருந்தால் ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டால் போதும். தலைப்பு, எழுதியவர், எங்கே கிடைத்தது, எந்த உரிமம் ஆகிய நான்கும் ஒரே வரியில் அடங்கும். மாற்றம் செய்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

முழுப் பாடநூல்

முதல் வழி, யாரோ ஒருவர் முழுமையாக எழுதி வெளியிட்ட திறந்த பாடநூலை எடுத்துக்கொள்வது. இந்த வகையில் நான் மிக மதிப்பது, ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மொழி கற்றலுக்கான திறந்த வளங்களுக்கென 2010இல் உருவான மையத்தின் பணி. 'ஃபிரான்சே இன்டராக்டிஃப்' என்ற பிரெஞ்சுப் பாடநூல் பதின்மூன்று அத்தியாயங்களும் காணொளிகளும் ஒலிப்பதிவுகளும் கொண்டது. ஜெர்மனுக்கு 'டொய்ச் இம் ப்ளிக்'. இரண்டுமே பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற 'பிஒய்' உரிமத்தில் கிடைக்கின்றன.

முழு நூலின் பெரிய வலிமை வரிசை. எந்த இலக்கணம் எதற்குப் பின் வரவேண்டும், ஒரு சொல் எத்தனை பாடங்களில் மீண்டும் தலைகாட்ட வேண்டும் என்பதை அனுபவமுள்ள ஆசிரியர் குழு யோசித்து வைத்திருக்கிறது. தனி ஆசிரியரால் எளிதில் செய்ய முடியாத வேலை அது.

குறையும் உண்டு. ஃபிரான்சே இன்டராக்டிஃப் லியோன் நகருக்கும், டொய்ச் இம் ப்ளிக் வூர்ட்ஸ்புர்க் நகருக்கும் கோடைகாலப் படிப்புக்குச் சென்ற அமெரிக்க மாணவர்களை மையமாகக் கொண்டவை. விளக்கங்கள் ஆங்கிலத்தில். என் செவிலியர்களில் சிலர் ஆங்கிலத்திலேயே தயங்குபவர்கள். ஒரு புதிய மொழியை இன்னொரு கடினமான மொழியின் வழியாகக் கற்பது இரட்டைச் சுமை. உரிமம் இடம் கொடுத்ததால் இலக்கண விளக்கங்களைத் தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் 'டு', 'ஸீ' இரண்டுக்கும் ஒரே சொல்தான். அதனால் நூல் பத்தி பத்தியாக விளக்குகிறது. தமிழில் 'நீ, நீங்கள் போல' என்று ஒரே வரியில் முடிந்தது. பெயர்ச்சொல்லுக்குப் பின் உருபு ஏறுவதற்குப் பழகியவர்களுக்கு ஜெர்மனின் வேற்றுமைகளும் அத்தனை அந்நியமாகத் தெரியவில்லை. வேற்றுமை என்ற பெயரே அவர்களுக்குப் பள்ளியில் படித்த பெயர். விளக்க மொழியை மாற்றுவது மொழிபெயர்ப்பு வேலை மட்டுமன்று. பாடமே வேறு இடத்திலிருந்து தொடங்குகிறது.

ஆனால் காணொளியை மாற்ற முடியவில்லை. சட்டம் தடுக்கவில்லை, பொருளின் இயல்பு தடுக்கிறது. எழுத்தில் 'டு'வை அடித்துவிட்டு 'ஸீ' எழுதலாம். படமெடுக்கப்பட்ட மாணவனின் வாயில் அதை வைக்க முடியாது. எனவே காணொளிகளைக் கேட்டுப் புரிந்துகொள்ளும் பயிற்சிக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பேச்சுப் பயிற்சிக்கான உரையாடல்களைப் புதிதாக எழுதி, ஜெர்மன் தாய்மொழியாளர் ஒருவரைக் கொண்டு பதிவுசெய்தேன். திறந்த வளங்களை ஒப்பிடும்போது உரிமத்துக்கு அடுத்து இதையே பாருங்கள்: திருத்தத் தக்க கோப்பு கிடைக்கிறதா? அச்சுக்கான பிடிஎஃப் மட்டும் கொடுத்துவிட்டு 'திருத்திக்கொள்ளுங்கள்' என்பது, பூட்டிய வீட்டின் சாவி இல்லாமல் 'உள்ளே வாருங்கள்' என்பது போல.

இந்த வழியின் இன்னோர் எல்லை வெளிப்படையானது. பிரெஞ்சு, ஸ்பானியம், ஜெர்மன் போன்ற சில மொழிகளுக்கே இத்தகைய முழு நூல்கள் எளிதில் அகப்படுகின்றன. உலகின் பெரும்பாலான மொழிகளின் ஆசிரியர்களுக்கு இந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை.

பழைய ஒலிநாடாப் பாடங்கள்

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் தூதரக அதிகாரிகளுக்காக, பெரும்பாலும் 1950கள் முதல் 1980கள் வரை, பல மொழிகளுக்குத் தயாரித்த பாடங்கள் இன்று இணையத்தில் ஒலியோடு கிடைக்கின்றன. அரசுப் படைப்பு என்பதால் அந்நாட்டில் அவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை. முறை எளிது: ஒரு வாக்கியத்தைக் கேட்கிறோம், ஒரு சொல்லை மாற்றிச் சொல்கிறோம், மீண்டும் கேட்கிறோம், மீண்டும் மாற்றுகிறோம். நாவு தானாகப் புரளும்வரை இது தொடரும்.

இந்த முறையைப் பழையது என்று ஒதுக்குவோர் பலர். நான் அவ்வளவு விரைவாக ஒதுக்கமாட்டேன். அதிகாரிகளுக்காக எழுதியதால் மரியாதை வடிவமே இவற்றில் முன்னிற்கிறது. என் செவிலியர்களுக்கு அது நேரடியாகப் பயன்பட்டது. வினைமுற்றுகளை வாயில் பதிய வைக்க இதைவிட அடர்த்தியான ஒலி வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் ஜெர்மன் பாடத்தில் திருமணமாகாத பெண்ணை 'ஃப்ராய்லைன்' என்று விளிக்கிறார்கள். இன்று அது வழக்கொழிந்தது. பணம் மார்க்கில் எண்ணப்படுகிறது. யூரோ நாணயம் கைக்கு வந்தது 2002இல். மேலும் இவை முழுநேர மாணவர்களுக்கானவை. அரபு, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகியவற்றுக்கு அந்நிறுவனம் சுமார் 2,200 வகுப்பு மணி நேரம் ஒதுக்குகிறது. வாரத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் கூடும் வகுப்பில் அந்த வரிசையை அப்படியே பின்பற்றினால் ஆண்டு முடிவில் சில அத்தியாயங்களைத் தாண்டியிருக்க மாட்டோம். பத்து நிமிட வாய்ப்பயிற்சியாக எடுத்துக்கொள்ளலாம், முழு நூலாக வேண்டாம்.

கதைகளும் வாக்கியக் கிடங்குகளும்

சிறுவர்களின் தமிழ் வகுப்புக்கு முழுப் பாடநூல் வழி ஒத்துவரவில்லை. அங்கே நான் தேர்ந்தெடுத்தது கதைகள். பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் படக்கதைகள் 'பிஒய்' உரிமத்தில் இருக்கின்றன. அங்கே நூற்றுக்கணக்கான மொழிகளில் கதைகள் உண்டு. ஒரே கதையைப் பல மொழிகளில் படிக்கலாம், புதிதாக மொழிபெயர்க்கலாம், படங்களை எடுத்து வேறு கதை எழுதலாம். தென்னாப்பிரிக்காவில் செய்டு என்ற கல்வி அமைப்பு தொடங்கிய ஆஃப்ரிகன் ஸ்டோரிபுக் இதே நோக்கம் கொண்டது. அதன் கதைகளில் நாற்பதை எடுத்து, ஒலியும் சேர்த்துப் பல மொழிகளில் வெளியிட்டது ஸ்டோரிபுக்ஸ் கனடா. திறந்த உரிமம் என்ன செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. ஆப்பிரிக்க மொழிகளில் குழந்தைகள் படிக்கட்டும் என்று எழுதிய கதைகள், கனடாவில் குடியேறியோர் பேசும் மொழிகளுக்குப் பாடமாகிவிட்டன. யாரும் யாரிடமும் தனி அனுமதி கேட்டுக் காத்திருக்கவில்லை.

ஆனால் ஒன்றில் நான் தவறாகக் கணித்தேன். ஸ்டோரிவீவரின் வாசிப்பு நிலைகள் நான்கு; முதல் நிலைக் கதை 250 சொற்களுக்குள் அடங்கும். முதல் நிலை என்றால் முதல் மாத வகுப்புக்கு ஏற்றது என்று எண்ணிக்கொண்டேன். அந்த நிலைகள் தாய்மொழியில் வாசிக்கப் பழகும் குழந்தைக்கானவை. அந்தக் குழந்தைக்கு மொழி ஏற்கெனவே தெரியும், எழுத்துதான் புதிது. இரண்டாம் மொழியாகக் கற்பவருக்கு மொழியே புதிது. 'தத்தித் தத்தி', 'சலசல' போன்ற சொற்கள் தாய்மொழிக் குழந்தைக்கு இனிப்பு, அயல்மொழி மாணவருக்குக் கல். பிறர் துணையின்றிப் படித்துப் புரிந்துகொள்ள நூற்றுக்குச் சுமார் 98 சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று மார்செல்லா ஹுவும் பால் நேஷனும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. 250 சொல் கதையில் அது ஐந்து புதிய சொற்களுக்கு மட்டுமே இடம் தரும். நான் கொடுத்த முதல் கதையில் பிள்ளைகள் அடிக்கோடிட்ட சொற்கள் முப்பதுக்கு மேல்.

அங்கேதான் திருத்தும் உரிமை கைகொடுத்தது. கதையின் படங்களை அப்படியே வைத்துக்கொண்டு, வாக்கியங்களைக் குறுக்கி இரண்டு படிகளாக எழுதினேன். முதல் படியில் வினைமுற்று மட்டும். இரண்டாம் படியில் 'ஓடி வந்து', 'பார்த்துவிட்டு' போன்ற வினையெச்சங்கள். மூன்றாவதாக மூலக்கதை. ஒரே கதையை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உயரமான படியில் நின்று படித்தார்கள். மூன்றாம் வாரம் மூலக்கதைக்கு வந்தபோது ஒரு சிறுமி, 'இது பழைய கதைதான், ஆனால் இப்போது நீளமாக இருக்கிறது' என்றாள். அவள் அதைத் தடையில்லாமல் படித்து முடித்தாள்.

தமிழுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. கதைகள் எழுத்துத் தமிழில் இருக்கின்றன. பிள்ளைகள் வீட்டில் கேட்பது பேச்சுத் தமிழ். அதனால் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு ஒலிப்பதிவுகள் செய்தேன்: ஒன்று உள்ளபடி வாசிப்பது, மற்றொன்று பாட்டி சொல்வது போலச் சொல்வது. இரண்டையும் கேட்டபோதுதான், தாங்கள் பேசும் சொல்லும் அச்சில் இருக்கும் சொல்லும் ஒன்றே என்று பல பிள்ளைகளுக்குப் பிடிபட்டது. அரபு போல எழுத்துக்கும் பேச்சுக்கும் இடைவெளி அதிகமுள்ள எந்த மொழிக்கும் இது பயன்படும்.

பெரியவர்களுக்குச் சிறுவர் கதை கொடுக்கலாமா? படிக்கச் சொல்வதோடு நிறுத்தினால் கூசுவார்கள். தம் குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லவோ, முடிவை மாற்றி எழுதவோ கேட்டால் கூச்சம் மறைந்துவிடுகிறது.

அடுத்தது வாக்கியக் கிடங்குகள். டடோபா என்ற இணையதளம் 2006இல் தொடங்கியது. அந்தச் சொல்லுக்கு ஜப்பானியத்தில் 'உதாரணமாக' என்று பொருள். நானூறுக்கு மேற்பட்ட மொழிகளில் வாக்கியங்களும் அவற்றின் மொழிபெயர்ப்புகளும் அங்கே குவிந்திருக்கின்றன. எழுத்து பெரும்பாலும் 'பிஒய்' உரிமத்தில். ஒலிப்பதிவுகளுக்கு மட்டும் பதிவுசெய்தவர் தரும் தனி உரிமம். இதைக் கவனிக்காமல் ஒலியையும் எடுத்துச் சேர்த்துவிடும் தவறு எளிதில் நேரும். யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்பதால் சில வாக்கியங்கள் யாரும் பேசாத வாக்கியங்களாக இருக்கும். தாய்மொழியாளர் எழுதியவற்றை மட்டும் வடிகட்டி எடுக்கலாம். அவற்றையும் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

மொசில்லா 2017இல் தொடங்கிய காமன் வாய்ஸ் திட்டத்தின் ஒலித்துணுக்குகள் பொதுக்கள அறிவிப்போடு வெளியிடப்பட்டவை. பேச்சறிதல் கருவிகளுக்காகத் திரட்டப்பட்டவை என்றாலும், பல வயதினர், பல வட்டாரத்தார் குரல்கள் ஒரே இடத்தில் கிடைப்பது கேட்டல் பயிற்சிக்குப் பெரிய வரம். பாடநூலின் ஒரே குரலுக்குப் பழகிய மாணவர் தெருவில் தடுமாறுவது இதனால் குறைகிறது. ஆனால் அது பெரும்பாலும் வாசிப்புதான், உரையாடல் அன்று. லிப்ரிவாக்ஸின் ஒலிநூல்களும், பழந்தமிழ் நூல்களை 1998 முதல் மின்வடிவில் தந்துவரும் மதுரைத் திட்டமும் அரிய செல்வங்கள். உயர்நிலை மாணவருக்கு அவற்றைக் காட்டுகிறேன். தொடக்க வகுப்புக்கு அவற்றில் எதுவும் இல்லை.

கிடங்கில் குறையாத சரக்கு இருக்கிறது, வரிசை மட்டும் இல்லை. எந்த வாக்கியம் எந்தப் பாடத்துக்கு என்று தெரிந்த ஆசிரியருக்கு அது சுரங்கம். புதிதாகக் கற்பிக்க வருபவர் அதில் தொலைந்துவிடுவார்.

நாமே எழுதுவது

கிடைப்பவை எதுவும் பிடிக்காதபோது நாமே எழுதிவிடலாம் என்று தோன்றும். கருவிகளுக்குக் குறைவில்லை. ஹெச்5பி கொண்டு நிரப்புக, பொருத்துக, கேட்டு எழுதுக போன்ற பயிற்சிகளைச் செய்யலாம். மூடுலில் வகுப்பையே அமைக்கலாம். அங்கியில் சொல்லட்டைகள் உருவாக்கலாம். மூன்றுமே திறந்த மூலநிரல் மென்பொருள்கள். ஆனால் முழுப் பாடநூலைத் தனியாக எழுதத் தொடங்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதிய ஒரே ஒரு பாடம் ஒலியோடு முடிய இரண்டு முழு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. திறந்த பாடம் ஒன்றைத் திருத்த ஒரு மாலை போதுமாக இருந்தது. ஆசிரியரின் நேரம் மாணவருக்குச் சேர வேண்டியது. பிழை திருத்தவும், தயங்கும் மாணவரோடு பத்து நிமிடம் பேசவும் அது வேண்டும்.

செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் உரையாடல்களை நொடியில் எழுதித் தருகின்றன. முதல் வரைவுக்கு உதவும். வளம் குறைந்த மொழிகளில் அவை எழுதும் வாக்கியங்களைத் தாய்மொழியாளர் ஒருவர் படிக்காமல் மாணவரிடம் கொடுப்பதில்லை என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

என் முடிவு

ஜெர்மன் வகுப்புக்கு டொய்ச் இம் ப்ளிக் முதுகெலும்பு. தமிழில் விளக்கங்கள், மருத்துவமனைச் சூழலுக்கு மாற்றிய உரையாடல்கள், வகுப்பின் முதல் பத்து நிமிடம் பழைய ஒலிநாடாப் பயிற்சி, வீட்டில் நிக்கோஸ் வேக். தமிழ் வகுப்புக்கு ஆண்டுக்குப் பன்னிரண்டு கதைகள், ஒவ்வொன்றும் மூன்று படிகளில், இரண்டு ஒலிப்பதிவுகளோடு. சொல்லட்டைகளுக்கான வாக்கியங்கள் கதையிலிருந்தே. கிடங்கிலிருந்து எடுப்பது இலக்கணப் பயிற்சிக்கு மட்டும்.

உங்கள் மொழிக்குத் திருத்தத் தக்க முழுப் பாடநூல் இருந்தால், அது சுமாராக இருந்தாலும் அதையே எடுங்கள். வரிசையை நீங்களே உருவாக்குவதைவிடக் குறையுள்ள வரிசையைச் செப்பனிடுவது எளிது. அப்படி ஒரு நூல் இல்லாவிட்டால் கதைகளிலிருந்து தொடங்குங்கள். கதைக்கு உள்ளே ஓர் இயல்பான வரிசை உண்டு. அடுத்து என்ன நடந்தது என்ற ஆவல் மாணவரை அடுத்த வாக்கியத்துக்கு இழுத்துச் செல்லும். கிடங்கை முதலில் திறக்க வேண்டாம். உங்கள் மாணவருக்கு எது வராது என்று ஒரு பருவம் பார்த்துத் தெரிந்துகொண்டபின் திறந்தால், தேட வேண்டியது என்னவென்று கை அறிந்திருக்கும்.

நீங்கள் திருத்தியதையும் எழுதியதையும் 'பிஒய்' உரிமத்தில் வெளியிடுங்கள். பிடிஎஃப் கோப்போடு, திருத்தத் தக்க மூலக் கோப்பையும் வையுங்கள். ஒலியை எம்பி3 ஆக மட்டும் விடாமல், சுருக்காத மூலப் பதிவையும், வாக்கியத்துக்கு ஒரு கோப்பாக வெட்டிச் சேருங்கள். எங்கோ ஓர் ஆசிரியர் உங்கள் உரையாடலில் 'நீ'யை 'நீங்கள்' ஆக்க வேண்டியிருக்கும். அவர் அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறுபடி பதிவுசெய்தால் போதும்.